முதல் போலிங் பந்து: 14 பவுண்டா, 15 பவுண்டா, எந்த ரகம்?

கேள்வி, 2 மார்ச் 2024

அண்ணன், நான் சுபாங் ஜெயாவில் வேலை செய்கிறேன். அலுவலகக் குழுவோடு வியாழன்தோறும் போலிங் ஆடத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை போலிங் மையத்தில் அடுக்கியிருக்கும் பொதுப் பந்துகளைத்தான் எடுத்து ஆடுகிறேன். சராசரி 128. வலக்கை ஆட்டக்காரன், எடை 64 கிலோ. ஒரு கடையில் 15 பவுண்டில், நன்றாக வளையும் ரியாக்டிவ் (தளத்தைப் பிடித்துத் திரும்பும் மேலோடு கொண்ட) பந்து ஒன்றைத் துளையிடும் கூலியோடு 880 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். காணொளிகளில் அந்தப் பந்து கட்டைகளைச் சிதறடிக்கிறது. வளையும் பந்து கைக்கு வந்துவிட்டால் சராசரி 160ஐ எட்டிவிடும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

3 மார்ச் 2024

இப்போது வாங்க வேண்டாம். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். பத்துச் சுற்றிலும் ஒரு ஸ்டிரைக் (முதல் வீச்சிலேயே பத்துக் கட்டையும் சாய்வது) கூட விழாமல், ஒவ்வொரு சுற்றிலும் முதல் வீச்சில் ஒன்பது கட்டைகளைச் சாய்த்து, மீதமிருக்கும் ஒன்றை இரண்டாம் வீச்சில் எடுத்துவிட்டால், சுற்றுக்கு 19 வீதம் மொத்தம் 190 வரும். அதே ஒன்பதைச் சாய்த்து மீதமிருக்கும் ஒற்றைக் கட்டையை ஒவ்வொரு முறையும் தவறவிட்டால் வெறும் 90தான். இடைப்பட்ட நூறு புள்ளியும் அந்த ஒற்றைக் கட்டைகளிடம் இருக்கிறது. இரண்டாம் வீச்சில் மீதியை எடுப்பதுதான் ஸ்பேர். ஸ்பேர் எடுத்தால் அடுத்த வீச்சில் விழும் கட்டைகள் போனசாகச் சேர்கின்றன. ஆகவே ஒரு கட்டையைத் தவறவிடும்போது நீங்கள் இழப்பது ஒரு புள்ளி அல்ல, ஏறக்குறைய பத்துப் புள்ளி.

128 சராசரியில் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை ஒற்றைக் கட்டைகளைத் தவறவிடுகிறார் என்பதை நீங்களே அடுத்த வியாழன் எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு எந்தப் பந்து என்று பேசலாம்.

8 மார்ச் 2024

மூன்று ஆட்டங்களில் பதினோரு ஒற்றைக் கட்டைகளைத் தவறவிட்டதாகவும், அவற்றில் ஆறு வலது மூலையில் நிற்கும் 10ஆம் கட்டை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வலக்கை ஆட்டக்காரர் பலருக்கும் இதே கதைதான். அந்தக் கட்டை வலப்பக்க ஓரப் பள்ளத்தை ஒட்டி நிற்கிறது. சாதாரண நாட்களில் மையங்கள் பூசும் எண்ணெய், லேனின் (பந்து உருளும் பலகைத் தளத்தின்) நடுவில் கனமாகவும் இரு ஓரங்களிலும் மெல்லியதாகவும் இருக்கும். நடு எண்ணெயில் வழுக்கிச் சென்ற ரியாக்டிவ் பந்து, கடைசி இருபது அடியில் உலர்ந்த பலகையைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. ஸ்டிரைக்குக்கு அதுதான் நமக்கு வேண்டும். 10ஆம் கட்டைக்கோ அதுவே பகை.

இதற்காகத்தான் அனுபவமுள்ளவர்கள் பையில் பாலியெஸ்டர் பந்து ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பந்து என்று நாம் சொல்வது அதைத்தான். அது எண்ணெயையும் உறிஞ்சாது, உலர்ந்த பலகையையும் அதிகம் பிடிக்காது. இடக்கோடியில் நின்று, லேனின் குறுக்காக நேராக விட்டால் நேராகவே போகும்.

1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது போலிங் போட்டிகள் சன்வே பிரமிட்டில்தான் நடந்தன; காமன்வெல்த் வரலாற்றில் போலிங் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான். அப்போது நான் இடைநிலைப் பள்ளி மாணவன், மாமாவோடு ஒரு நாள் போயிருந்தேன். பள்ளிப் பையனுக்குப் பெரிய வளைவுகள்தான் வியப்பாக இருந்தன. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணில் நின்றது வேறொன்று. முதல் வீச்சில் அவ்வளவு வளைத்த ஆட்டக்காரர், மூலைக் கட்டைக்கு வந்ததும் வேறொரு பந்தை எடுத்து, மணிக்கட்டைத் திருப்பாமல், கோடு கிழித்ததுபோல் விட்டார். அதன் பொருள் எனக்குப் புரியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

8 மார்ச் 2024, இரவு

"அப்படியானால் முதலில் பிளாஸ்டிக் பந்தா வாங்க வேண்டும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆம், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் சொல்வேன். அதை உங்கள் கைக்கு அளவெடுத்துத் துளையிட வேண்டும் என்பதும் அந்தப் பதிலில் அடங்கும்.

15 மார்ச் 2024

எடையைப் பற்றி. விதிப்படி பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. 15 பவுண்டு 6.8 கிலோ, 14 பவுண்டு 6.35 கிலோ. எடை மாறினாலும் பந்தின் அளவு மாறுவதில்லை. எல்லாமே எட்டரை அங்குல விட்டத்தை ஒட்டியவை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லப்படும் கணக்கு உங்களுக்கு 6.4 கிலோவைத் தருகிறது. அது தொடக்கத்துக்கு ஒரு குறிப்பு, அவ்வளவே.

மையத்துப் பந்தில் 12 பவுண்டே கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய கைக்கும் பொருந்தாதபடி, எல்லாருடைய கையும் நுழையும்படி துளையிட்ட பந்து அது. பெருவிரல் துளை அகலமாக இருப்பதால், கீழே விழாமலிருக்க விரலை மடக்கி இறுக்குகிறீர்கள். கனமாகத் தோன்றுவது பாதி அந்த இறுக்கத்தால். கைக்குப் பொருந்தத் துளையிட்ட 15 பவுண்டு, பொருந்தாத 13 பவுண்டைவிட இலேசாகத் தெரியும். ஆகவே எடை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தவறில்லை, 15ஐ எடுத்துக்கொள்ளலாம்.

17 மார்ச் 2024

மேலே எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. நான் 15 பவுண்டில் ஆறு ஆண்டுகள் ஆடினேன். முதல் இரண்டு ஆட்டங்கள் நன்றாகப் போகும். மூன்றாவதில் தோள் முன்னால் விழும், பந்து கணுக்காலருகே வராமல் வெளியே விலகும், வேகம் குறையும். அது பயிற்சிக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலத்தோளில் வலி வந்து மருத்துவர் சில மாதங்கள் நிறுத்தச் சொன்ன பிறகு 14க்கு மாறினேன். மூன்றாம் ஆட்டம் முதல் ஆட்டத்தைப் போலவே இருந்தது. கட்டைகள் விழுவதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 15இல் ஆடுகிறார்கள் என்பது உண்மை. அவர்கள் நாள் முழுதும் அதற்கென்றே உடலைப் பழக்கியவர்கள். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு நேரே லேனுக்கு வரும் நமக்கு, மூன்றாம் ஆட்டத்தின் எட்டாம் சுற்றில் எந்த எடையை முதல் சுற்றைப்போல வீச முடியுமோ அதுதான் சரியான எடை. உங்களுக்கு 14 என்றே இப்போது சொல்கிறேன்.

23 மார்ச் 2024

கேட்டவரின் கேள்வி: "கடைக்காரர் ஆர்ஜி 2.48, டிஃபரென்ஷியல் 0.052 என்று சொன்னார். அது நல்ல எண்தானா?"

நல்ல எண், கெட்ட எண் என்று எதுவும் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. ஆர்ஜி என்பது பந்தின் எடை மையத்துக்கு அருகில் குவிந்திருக்கிறதா, மேலோட்டை நோக்கிப் பரவியிருக்கிறதா என்பதைக் காட்டும் அளவு. பந்துகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க போலிங் காங்கிரசின் விதி அதை 2.46க்கும் 2.80க்கும் இடையில் நிறுத்துகிறது. எண் குறைந்தால் எடை நடுவில் இருக்கிறது, பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும். கையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுழல்பவர் வேகமாகவும், கையை விரித்துச் சுழல்பவர் மெதுவாகவும் சுழல்வது போலத்தான் இதுவும். டிஃபரென்ஷியல் என்பது, பந்து உருளும்போது அதன் சுழலச்சு எவ்வளவு இடம்பெயரும் என்பதற்கான எண். உச்ச வரம்பு 0.060. வீசித் திரும்பிவந்த பந்தைத் துடைக்காமல் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல், ஓரிடத்தில் நெருங்கி மறுபுறம் விரியும் எண்ணெய் வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையமும் பந்தின் ஒரு சுற்று. வளையங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அவ்வளவு புதிய, எண்ணெய் படாத மேற்பரப்பு லேனைத் தொடுகிறது.

உங்கள் வேகம் திரையில் மணிக்கு 23, 24 கிலோமீட்டர் என்று சொல்கிறீர்கள். அந்த வேகத்துக்கு, சீக்கிரம் சுழன்று பலமாகப் பிடிக்கும் பந்தைக் கொடுத்தால், அது கட்டைகளை அடையும் முன்பே தன் ஆற்றலை லேனில் செலவழித்துவிடும். பக்கவாட்டில் பெரிய வளைவு தெரியும், ஆனால் கட்டையில் மோதும்போது உயிர் இருக்காது. காணொளியில் அந்தப் பந்தை வீசியவர் உங்களைவிட மிக வேகமாக, அப்போதுதான் பூசிய கனத்த எண்ணெயில் வீசுகிறார். நாம் வியாழன் இரவு ஏழரைக்குப் போகும்போது, பிற்பகல் முழுதும் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துகளில் உருண்ட பந்துகள் அந்த எண்ணெயைக் கலைத்து முடித்திருக்கும்.

இன்னொன்று: கடைக்காரர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் 15 பவுண்டுப் பந்துக்கானவை. அதே பெயருள்ள 14 பவுண்டுப் பந்தில் எண்கள் சற்று மாறும்; மிக இலேசான பந்துகளில் உள்ளே இருக்கும் எடைக் கருவான கோரே வேறாக இருப்பதுண்டு. வாங்கப்போகும் எடைக்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

24 மார்ச் 2024

நேற்று கோரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு மேலோட்டைச் சொல்லாமல் விட்டது தவறு. லேனைத் தொடுவது மேலோடுதான். பந்தின் நடத்தையை முதலில் தீர்மானிப்பது அதுவே, கோர் அடுத்துத்தான். 1905இல் ரப்பர் பந்து வரும் வரைக்கும் மரப்பந்து. பின்னர் பாலியெஸ்டர், 1980களின் தொடக்கத்தில் யூரேதேன், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். ஒவ்வொரு மாற்றமும் மேலோட்டில் நேர்ந்த மாற்றம். ரியாக்டிவ் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவை எண்ணெயைக் குடிக்கின்றன. அதனால்தான் அது வளைகிறது, அதனால்தான் அதற்கு ஆயுளும் பராமரிப்பும் தேவைப்படுகின்றன.

அந்த ஓட்டிலும் சொரசொரப்பு ஒரு பெரிய காரணி. 500 எண் உப்புத்தாளில் தேய்த்த பந்து முன்கூட்டியே பிடிக்கும். 4000இல் தேய்த்து மெருகிட்டது நெடுந்தூரம் வழுக்கிப் பிறகு திரும்பும். தொழிற்சாலையில் கொடுத்த சொரசொரப்பு சில ஆட்டங்களிலேயே லேனில் உரசி மழமழப்பாகிவிடும். "பந்து புதிதில் வளைந்தது, இப்போது வளையவில்லை" என்று புதிய பந்தை வாங்குபவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது அரை மணி நேரத் தேய்ப்பு.

2 ஏப்ரல் 2024

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். துளை.

நான் முதல் பந்து வாங்கியபோது ஒரு கடையில் என் கையை அளந்தவர் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தேன். விரல்கள் குளிர்ந்து சுருங்கியிருந்தன. பெருவிரல் துளையும் மற்ற இரு விரல் துளைகளும் தள்ளி இருக்கவேண்டிய தூரம் கால் அங்குலம் கூடுதலாக அமைந்துவிட்டது. நான்கு மாதத்தில் பெருவிரலின் அடியில் காய்ப்பு கட்டி, அது பிளந்து இரத்தம் வந்தது. நான் அதைப் பழக்கம் என்று நினைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடினேன். வேறொரு புரோ ஷாப்பில் (பந்து விற்றுத் துளையிட்டும் தரும் கடை) வயதான சீனர் ஒருவர் என் கையைப் பார்த்த மாத்திரத்தில், பந்தைக் கேட்காமலேயே, "உன் பந்தில் இடைவெளி நீளம்" என்றார். அவர் அளந்த விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்து நீங்கள் கடையை எடைபோடலாம்.

முதலில் என்னை இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வரச் சொன்னார், விரல்கள் ஆடும்போது இருக்கும் பருமனில் இருக்க வேண்டும் என்பதற்காக. அளவுத் துளைகள் உள்ள பந்தில் பெருவிரலை முழுதாக நுழைக்கச் சொல்லி, மற்ற இரு விரல்களையும் பந்தின் மேல் தளர்வாகப் படியவைத்து, முதல் கணு எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்தார். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே தன் சுட்டுவிரலைச் செருகிப் பார்த்தார். பெருவிரலைப் பின்பக்கமாக வளைக்கச் சொல்லி, அது எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு துளையின் சாய்வை முடிவு செய்தார். நாற்பது நிமிடம். பெருவிரல் துளையை வேண்டுமென்றே சற்று இறுக்கமாக விட்டு, நான் கையை நுழைத்து எடுக்க எடுக்க மெல்லச் சுரண்டி அகலப்படுத்தினார். கடைசியில் கையை விரித்துத் தொங்கவிட்டபோது, இறுக்கிப் பிடிக்காமலே பந்து கையில் நின்றது. அந்தப் பந்தில் என் காய்ப்பு ஆறே வாரத்தில் உதிர்ந்தது.

ஆகவே தம்பி, பந்தின் பெயரைத் தேடும் நேரத்தில் பாதியைத் துளையிடுபவரைத் தேடச் செலவிடுங்கள். சாதாரணப் பந்தை நல்லவர் துளையிட்டால் ஆடலாம். உயர்ந்த பந்தைக் கவனமில்லாதவர் துளையிட்டால் கைதான் புண்ணாகும்.

11 ஏப்ரல் 2024

பழைய பந்து 250 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்று அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று விஷயங்கள். ஒன்று, அதில் நான்காவது துளை ஒன்று தெரிகிறது. சமன்படுத்தும் துளை என்று முன்பு அனுமதிக்கப்பட்டிருந்த அதை அமெரிக்க போலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்துவிட்டது. அந்த விதியைப் பின்பற்றும் போட்டியில் ஆட வேண்டுமென்றால் அடைத்தே ஆகவேண்டும். இரண்டு, நடுவிரல், மோதிர விரல் துளைகளுக்கு இடையிலுள்ள குறுகிய பாலத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. படத்தில் அழுக்கா விரிசலா என்று சொல்ல முடியாது. நேரில் நகத்தால் உரசிப் பாருங்கள், நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். மூன்று, பழைய துளைகளை அடைத்து மீண்டும் துளையிடும் செலவைக் கூட்டினால் புதிய பிளாஸ்டிக் பந்தின் விலையை நெருங்கிவிடுகிறது.

12 ஏப்ரல் 2024

விரிசல் என்றதும் நினைவுக்கு வந்தது. பந்தைக் காரின் பின்பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய பின்பெட்டி அடுப்பாகிவிடும். ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் பந்து பத்து நாள் காரிலேயே கிடந்தது. திரும்பி வந்து பையைத் திறந்தால், பந்தின் மேல் வியர்வை அரும்பியதுபோல் எண்ணெய்த் துளிகள். பெருவிரல் துளையின் விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதை மீட்க வழியில்லை. வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.

27 ஏப்ரல் 2024

31 விதியைப் பற்றிக் கேட்டவருக்கு: எண்ணெய் பூசியிருக்கும் தூரத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து திரும்பத் தொடங்கும் இடத்தில் எத்தனையாவது பலகையில் இருக்கவேண்டும் என்பது கிடைக்கும். 40 அடி என்றால் 9ஆம் பலகை. லேனில் 39 பலகைகள். வலக்கைக்காரர் வலமிருந்து எண்ண வேண்டும். ஆகவே 9ஆம் பலகையைக் குறிவைத்து வீசுங்கள்.

28 ஏப்ரல் 2024

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியம் தவறு. அந்த 9 என்பது லேனின் பின்பாதியில் பந்து இருக்கவேண்டிய இடம். நாம் கண்வைக்கும் அம்புக்குறிகளோ வீசும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 அடியிலேயே இருக்கின்றன. உள்ளிருந்து வெளியே சாய்த்து வீசுபவருக்கு அம்புகளின் அருகே பந்து 12இலோ 13இலோ கடக்கலாம், பிறகு 9ஐ அடையலாம். புதிய எண்ணெய்க்குத்தான் இந்தக் கணக்கு. மூன்றாம் ஆட்டத்தில் எண்ணெய் கலைந்த பிறகு பந்து சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

12 மே 2024

கேட்டவர் எழுதுகிறார்: "14 பவுண்டு பிளாஸ்டிக் பந்து வாங்கிவிட்டேன் அண்ணன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அளவு கொடுத்தேன். துளையிட்டவர் முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்து ரியாக்டிவ் எது?"

அவசரம் வேண்டாம், ஒரு மாதம் இதிலேயே இரண்டு வீச்சையும் ஆடுங்கள். பிறகு வாங்கும் பந்து நடுத்தரமானதாக இருக்கட்டும்: சமச்சீர் கோர், மிகச் சொரசொரப்பும் மிக மெருகும் இல்லாத மேலோடு. ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஹை-ரோட் நான் நெடுங்காலம் ஆடிய பந்து. 15 பவுண்டில் ஆர்ஜி 2.57, டிஃபரென்ஷியல் 0.046. அது நடு லேனில் ஓடிப் பின்பாதியில் திரும்புவதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யும், அதனால் தவறு பந்திலா கையிலா என்று கண்டுபிடிக்க முடியும். அதுவேதான் வேண்டும் என்பதில்லை. ஹேமர், பிரன்ஸ்விக், மோட்டிவ் எல்லாரிடமும் அந்த வகையில் ஒன்று இருக்கிறது. துளையிடுபவர் எதை நன்கு அறிந்திருக்கிறாரோ அதை எடுங்கள்.

19 மே 2024

பராமரிப்பு பற்றி இருவர் கேட்டதால். ரியாக்டிவ் பந்தை ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், எண்ணெய் உள்ளே இறங்கும் முன், பந்துத் துப்புரவு நீர்மத்தால் துடைக்க வேண்டும். ஏறக்குறைய அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை நான் செய்வது: துளைகளை நீர்புகா நாடாவால் மூடி, வாளியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் நீர்மம் சில துளி விட்டு, பந்தை இருபது நிமிடம் மூழ்கவைப்பேன். சிறிது நேரத்தில் ஓட்டின் மேல் குமிழ் குமிழாக எண்ணெய் கிளம்பும். நீரின் மேல் மஞ்சள் படலம் படியும். எடுத்துத் துடைத்து, ஒரு நாள் நிழலில் வைத்த பிறகே ஆட வேண்டும். கொதிநீர் கூடாது, மைக்ரோவேவும் வெயிலும் கூடவே கூடாது.

பிளாஸ்டிக் பந்துக்கு இவை எதுவும் தேவையில்லை. துடைத்தால் போதும்.

15 ஜூன் 2024

கேட்டவர்: "கடந்த மூன்று வியாழன்களில் 10ஆம் கட்டை பதினான்கு முறை தனியாக நின்றது, பத்து முறை எடுத்துவிட்டேன். சராசரி 146. ஆனால் பெருவிரல் இப்போது துளையில் தளர்கிறது, பந்து சில நேரம் முன்கூட்டியே நழுவுகிறது."

காய்ப்பு குறைந்து விரல் மெலிந்திருக்கிறது, நல்ல அறிகுறி. துளையைத் தொட வேண்டாம். துளையின் பின்பக்கச் சுவரில், நகம் படும் பக்கம் அல்ல, விரலின் சதை படும் பக்கம், வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். போதவில்லை என்றால் அதன்மேல் இன்னொன்று. மூன்றாவது ஆட்டத்தில் விரல் வீங்கி இறுகினால் ஒன்றை உரித்துவிடுங்கள்.

15 ஜூன் 2024, சற்றுப் பிறகு

திருத்தம்: நாடா ஒட்டும் பக்கம் ஆளுக்கு ஆள் மாறும். என் பெருவிரல் தட்டையானது, அதனால் எனக்குச் சதைப் பக்கம் சரியாக வந்தது. பலருக்கு நகப் பக்கம்தான் பொருந்துகிறது. இரண்டையும் ஓர் ஆட்டம் வீதம் ஆடிப் பார்த்து, விரல் சிக்காமல் வெளிவரும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அளந்தவரிடம் ஜூலையில் ஒருமுறை கையைக் காட்டிவிட்டு, ரியாக்டிவ் பந்தை அதன் பிறகு துளையிடக் கொடுங்கள்.